லோகோவில் இருந்த இடது கை

ஒருவருடைய வணிகக் குறி, அதே தொழில் செய்யும் மற்றவர்களுடையதிலிருந்து பிரித்து அறியும்படி இருக்க வேண்டும். இது விதி. வணிகக் குறிகளைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் இதைச் சொல்லியே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவள் நான். சிங்கத்தையும் தாமரையையும் தூக்கிக்கொண்டு வந்து, தாங்களே கண்டுபிடித்ததுபோல நிற்பார்கள். ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். கடைசிக் காலத்தில் அந்த வாக்கியத்தை என் பேனாவே எழுதிக்கொள்ளும்.

போன வருடம் ஆனி மாதம் அதே வாக்கியத்தை என் வீட்டு மாடிப்படியில் நின்று சொன்னேன். எங்கள் வீடு படப்பையில், ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மனைக் கற்கள் இன்னும் பிடுங்கப்படாத ஒரு புது நகரில் இருக்கிறது. மாடி அறையைச் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அங்கே தகடு அழுத்தும் இயந்திரத்தில் இடது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் பாதியோடு போய்விட்டன. கை உள்ளே இருக்கும்போது இயந்திரம் இறங்கக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி உண்டு. அதை யாரும் அந்த இயந்திரத்துக்குப் படித்துக் காட்டவில்லை போலிருக்கிறது.

அதன் பிறகு அவள் மெஹந்தி போடும் தொழிலில் இறங்கினாள். கோன் பிடிப்பது வலது கை. மணப்பெண்ணின் கையைத் தாங்கிக்கொள்வதுதான் இடது கையின் வேலை. இருக்கிற விரல்களை வைத்து அது நன்றாகவே தாங்கியது. தொழிலுக்கு ஒரு லோகோ வேண்டுமென்று போனை என்னிடம் நீட்டினாள்.

“அம்மா, நீங்க இதெல்லாம் பாக்குத ஆபீஸ்லதான இருந்திய. எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

இணையத்திலிருந்து எடுத்த படம். மெழுகில் செய்ததுபோல நீண்ட விரல்கள், உள்ளங்கையில் ஒரு தாமரை.

“இது ஏற்கெனவே இருக்கும்மா. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பார்லர் போர்டுல இதே கைதான். ஒரகடம் கூட்ரோட்டுல இன்னொருத்தி வச்சிருக்கா. மூணு பேருக்கும் ஒரே கைன்னா ஜனங்க யாரைக் கூப்பிடுவாங்க?”

“அப்ப நானே வரையுதேன்.”

மறுநாள் ஒரு தாளோடு இறங்கி வந்தாள். தன் கையையே தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, உள்ளே கொடி போட்டிருந்தாள். பேனா பிடித்தது வலது கை என்பதால் தாளில் இருந்தது இடது கை. மற்ற விரல்களில் நுனிவரை ஏறிய கொடி, அந்த இரண்டில் மட்டும் பாதியில் சுருண்டு திரும்பியிருந்தது.

“கடைக்காரர் அந்த ரெண்டு விரல முழுசாக்கிருவாருல்லாம்மா? மணிக்கட்டு வளைவுக்குத்தான் என் கைய வச்சேன்” என்றாள்.

எனக்குத் தெரிந்த பிளெக்ஸ் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் இந்த ஊர்க்காரர். காதுகுத்து பேனரில் தாய்மாமன்களை வரிசைப்படுத்துவதே அவருடைய வாழ்நாள் பணி. தாளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார்.

“சிஸ்டர், அந்தக் கைய கொஞ்சம் டேபிள் மேல வை” என்றார். வலது கையைச் சொன்னார். அதைப் படம் எடுத்து, கணினியில் இடம் வலமாகத் திருப்பி, அதிலிருந்த சுட்டுவிரலையும் நடுவிரலையும் தாளில் இருந்த கையோடு ஒட்டினார். ஒட்டிய இடமே தெரியவில்லை.

“இப்போ பாரு. சரியா கீதா?”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நகம் கொஞ்சம் கம்மி பண்ணுங்கண்ணே. அப்ப இம்புட்டு நீளம் வச்சிருக்க மாட்டேன். கம்பெனி லைன்ல விட மாட்டாவ” என்றாள்.

அவர் மறுபேச்சில்லாமல் நகத்தை வெட்டினார். “இப்போ?”

“ஆமா. இப்படித்தான் இருந்துச்சு.”

நான் திரும்பி, சுவரில் சாய்த்திருந்த ஒரு பேனரில் மாமன்மார் பெயரையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்தேன். எனக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது.

அவர் அச்சுக்குக் கொடுக்கப் போனபோது அவள் தடுத்தாள். “அண்ணே, இதுல ஒண்ணே ஒண்ணு எனக்குப் போட்டுத் தாங்க. விசிட்டிங் கார்டுக்குத் தாள்ல உள்ளதையே போடுங்க.”

“தாள்ல உள்ளதா? அப்போ நான் இம்மா நேரம் இன்னாத்துக்கு ஒட்டிக்கினு இருந்தேன்?”

எனக்கும் அது சரியாகப் படவில்லை. “கல்யாண வேலை. மங்களம், அது இதுன்னு பாப்பாங்க. ஒரு மருதாணி இலைய வச்சுக்கோ. யாரும் ஆட்சேபிக்க மாட்டாங்க” என்றேன்.

அப்போதுதான் சொன்னாள். பென்னலூரில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறாள். மணப்பெண்ணின் ஒரு கை பாதி முடிந்த நேரத்தில் பெண்ணின் அத்தை இந்த விரல்களைப் பார்த்துவிட்டார். பெண்ணை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். வேறு ஆளுக்குப் போன் போட்டார்கள்.

“பாதிக் கையோட எழுப்பிட்டுப் போனாவம்மா. அந்தப் பிள்ள என்னயத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சு. வேண்டாம்னு சொல்லுதவிய கார்டப் பாத்தே சொல்லட்டும். பொண்ணு முன்னால உக்காந்த பொறவு சொல்லக் கூடாது.”

லோகோவுக்கு எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் எழுதிப் படித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் படித்ததில்லை. ஆட்சேபம் எழுப்ப என்னிடம் எதுவும் இல்லை.

“சிஸ்டர் சொல்றது கரெக்ட்டு மேடம். நீங்க கையெழுத்து போடலன்னாலும் நான் அடிச்சுக் குடுத்துடுவேன்” என்றார் கடைக்காரர்.

கையெழுத்துக்குப் பதிலாக, தெரிந்ததைச் செய்தேன். போனில் சின்ன வட்டத்துக்குள் வரும்போது கொடியெல்லாம் மை கொட்டியதுபோல் ஆகிவிடும், பாதியை எடுங்கள், கோட்டைத் தடிமனாக்குங்கள், மருதாணிச் சிவப்பு ஒன்றே போதும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார். முடிந்தபோது அது வேறு எவருடைய கையும் இல்லை என்று எட்டி நின்று பார்த்தாலே தெரிந்தது. ஐந்து விரலும் முழுதாக இருந்த அச்சை அவள் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டாள்.

அந்த வாரமே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு மணப்பெண்ணின் அம்மா விசாரித்தார். ஆவணியில் கல்யாணம், பெண்ணுக்கும் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் போட வேண்டும். அவளுக்கு வந்ததிலேயே பெரிய வேலை. “கார்டு இருந்தா அனுப்பு பாப்பா” என்றாராம். அனுப்பினாள். பார்த்துவிட்டார் என்பதற்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

இதற்கிடையே பழைய தொழிற்சாலையின் சூப்பர்வைசர் கூப்பிட்டு, பேக்கிங்கில் ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டிருந்தார். ஆடி முடிந்து சொல்வதாகச் சொல்லியிருந்தாள். அந்த வாசலுக்குள் மறுபடி போக அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் இந்தக் கல்யாண வேலை தட்டிப்போனால் போய்த்தான் ஆக வேண்டும்.

மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் கண்ணாலேயே கேட்பேன். அவள் உதட்டைப் பிதுக்குவாள். “நினைவூட்டல் அனுப்பலாம். அதுக்கு ஒரு முறை இருக்கு” என்றுகூடச் சொன்னேன்.

“கேட்டா கெஞ்சுத மாதிரி இருக்கும்மா.”

அந்த நாட்களில், மருதாணி இலையையே வைத்திருக்கலாமே என்று நான் உள்ளூர நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் எங்கள் சாலையை அடைத்துக்கொண்டு போனார்கள். மேளச் சத்தத்தில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னை அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, கதவைச் சாத்தி, போனைக் காதில் வைத்தாள். ஸ்ரீபெரும்புதூர் மணப்பெண்ணின் அம்மா பேசி அனுப்பியிருந்தார்.

“பதில் போடலன்னு கோச்சுக்காத பாப்பா. மாப்ள வூட்ல மண்டபத்த மாத்திக்கினாங்க, அந்த ரோதனைல கெடந்தோம். மொத நாள் காலைலயே வூட்டுக்கு வந்துடு. டிபன் இங்கியே துன்னுக்கலாம். பொண்ணுக்குக் கால்லயும் போடணும். உன் கார்டுல ஒரு கொடி கீதே, அதயே போட்டுடு, அவளுக்கு அதான் வேணுமாம்.”

விண்ணப்பத்தில் ஒளிந்திருக்கும் ஆட்சேபத்தைத் தேடியே பழகிய காது. மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். இத்தனை நாள் நாங்கள் இருவரும் துக்கம் கொண்டாடியது ஒரு மண்டபத்துக்காகத்தான். விரலைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

“பாத்திருக்காவம்மா. கொடியப் பாத்திருக்காவல்லா, அப்ப கையையும்தான பாத்திருப்பாவ” என்றாள் அவள். என் கையை இன்னும் விடவில்லை. பிடித்திருந்தது அந்த இடது கைதான்.

தேதி முத்திரை இல்லாத பதிலை என் பணிக்காலத்தில் நான் ஏற்றுக்கொண்டதே கிடையாது. இந்தப் பதிலில் முத்திரை ஏதும் இல்லை. ஆனாலும் மனிதர்களைப் பற்றி நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த முடிவுகளில் ஒன்றை அடித்துத் திருத்திய பதில் அது என்பதால், வந்து சேர்ந்த நாளை மட்டும் மறக்கவில்லை: ஆடிக் கிருத்திகை.