கடைசி அசையில் விழுந்த அழுத்தம்

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. மரக்காணம் உப்பளத்தில் வேலையாக இருந்த அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். வரப்பில் நிற்கும்போது, நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்கிலிருந்து டாக்டரம்மா போன் செய்தார்.

"சிஸ்டர், பெரிய முதலியார்சாவடி கெஸ்ட் ஹவுஸ்லருந்து ஸ்பெயின்காரம்மா ஒருத்தங்க லைன்ல இருக்காங்க. ஒரே அழுகை. இங்கிலீஷ் சுத்தமா வரல. கனெக்ட் பண்றேன், என்னன்னு கேளுங்க."

வெளிநாட்டு வேலைக்கான பரீட்சைக்காக எட்டு மாதமாக ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தேன். உண்மையான நோயாளியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. காற்று காதில் இரைந்தது. அந்தப் பெண் கொட்டிய சொற்களில் இரண்டுதான் பிடிபட்டன: "வோமித்தோ சாங்ரே."

"மேடம், அவங்க ரத்த வாந்தி எடுக்கறாங்களாம்."

ஆம்புலன்ஸ் அனுப்புவதாகச் சொல்லி டாக்டரம்மா போனை வைத்துவிட்டார். பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. 'வோமித்தோ' மூன்று அசைச் சொல். முதல் அசையை அழுத்தினால் வாந்தி. நடு அசையை அழுத்தினால் 'நான் வாந்தியெடுக்கிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் வாந்தியெடுத்தார்'. குறிலும் நெடிலும் பழகிய என் காதுக்கு அழுத்தம் சட்டென்று பிடிபடாது. வாய்விட்டு மூன்றையும் சொல்லிப்பார்த்தேன். நான் கேட்டது எது? ரத்த வாந்தி எடுப்பவள் மூச்சு விடாமல் அப்படிப் பேசுவாளா?

டாக்டரம்மாவைத் திரும்ப அழைத்தேன். "மேடம், வாந்தி எடுத்தது அவங்களா, வேற யாராவதான்னு எனக்குச் சந்தேகமா இருக்குது. நான் தப்பாக் கேட்டிருப்பேன். மறுபடி கனெக்ட் பண்ணுங்க."

"வண்டி கெளம்பிடுச்சே சிஸ்டர்!" என்றவர், உடனே இணைத்தார்.

"கியேன்?" யார் என்று மட்டும் கேட்டேன்.

"மி மரீதோ!" அவள் கணவர்.

அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டேன். நீளமாக ஏதோ சொன்னாள். மெதுவாகச் சொல்லும்படி கெஞ்சினேன்.

"ஆன்... தி... கோ... ஆ... கு... லான்... தே."

அசைகளைச் சேர்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை என்று லைனிலேயே இருந்த டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"பிளட் தின்னரா?" டாக்டரம்மா பதறினார். "இங்க கொண்டுவரவே வேணாம். நேரா பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றேன்."

"யாருக்கு என்னடி ஆச்சு? மூஞ்சியே சரியில்ல" என்றார் அம்மா. சாயங்காலம், ரத்தப்போக்கு நின்றுவிட்டதாக மெசேஜ் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சந்தேகம் வந்ததும் சொன்னீங்கல்ல, அது போதும்" என்றார். தலையாட்டினேன். ஆனாலும் பரீட்சையை மூன்று மாதம் தள்ளிவைத்தேன்.