வட்டக்கல்லுக்கு ஒரு பிடி களி

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். திருத்தணியில் படித்துவிட்டு, பள்ளிப்பட்டுப் பக்கம் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ள வந்தபோது கையில் இங்கிலாந்து சரித்திரப் புத்தகம் இருந்தது, தலையில் கொம்பும் இருந்தது. முதல் பாடம் எனக்கு மனப்பாடம். கெல்ட்டியர் என்கிற ஜனங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தத் தீவில் யாரோ குடியேறியிருக்கிறார்கள். பெயர் தெரியாது, பாஷை தெரியாது. செத்தவர்களைப் புதைத்த இடத்தில் பெரிய பெரிய கற்களை நட்டிருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம், அடடா, எப்பேர்ப்பட்ட மனுஷர்கள் என்று உருகுவேன்.

எங்கள் மல்லாட்டைக் கொல்லையின், அதாவது வேர்க்கடலை நிலத்தின், நடுவிலும் வட்டமாகக் கற்கள் நின்றன. அது எனக்கு இடைஞ்சல், அவ்வளவுதான். எங்களிடம் ஏர் ஓட்டியவருக்கு அப்பா வயது. வட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் ஓட்டுவார். மத்தியானம் களியைப் பிரித்தால் முதல் பிடி அந்தக் கல்லுக்கு, அப்புறம்தான் தன் வாய்க்கு. கல்லைப் பிடுங்கிப் போடச் சொன்னேன்.

"வாணாம் நைனா. நம்மளுக்கு முன்னால வந்து குந்தினவங்க. அவங்க எடத்துலதான் நாம ஏர் ஓட்டிக்கினு கீறோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிடுங்காவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்றேன். மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் கையை நம்பி வீட்டில் ஐந்து வாய். அது எனக்குத் தெரியும்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து கூலியாட்களைக் கூட்டிவந்து கடப்பாரை போட்டேன். கல்லை நெம்பிய குழியில் ஒரு தாழி. கடப்பாரை பட்டு உடைந்தது. உள்ளே எலும்புகள், ஒரு சங்கு வளையல். குழந்தையின் கைக்குத்தான் பொருந்தும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் என் முதல் பாடம் ஞாபகத்துக்கு வந்தது. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்களே, என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். தப்பு என்னுடையதுதான், வேலைக்கு வாங்க என்றேன். அதுநாள் வரை அவரை வா, போ என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"நேத்து அவங்களுக்கு யார் களி வெச்சாங்க நைனா?" என்று மட்டும் கேட்டார்.

நான் தலைகுனிந்து திரும்பினேன். அந்த மாதமே அவர் குடும்பத்தோடு நகரிப் பக்கம் கல் உடைக்கப் போய்விட்டார். அந்த வருஷம் வட்டம் இருந்த இடத்தில் மல்லாட்டை நன்றாகத்தான் விளைந்தது. ஒரு பருப்புகூட என் தொண்டையில் இறங்கவில்லை.