மூன்றரைக்கு விழிக்கும் பெட்டி

வடதுருவத்தை ஒட்டிய கடலோரக் கெமி ஊரில் அறுநூறு யூரோவுக்குள் உருப்படியான கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் தைமி வீட்டுக்குத்தான் போக வேண்டும். காகித ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவள். ஆலையை மூடியதும் சமையலறை மேஜையையே பட்டறையாக்கிக்கொண்டாள். ஒண்டிக்கட்டை. வாய் மட்டும் நாலு பேருக்குச் சமம். "கலர் கலரா லைட்டு எரியணும்னா கிறிஸ்துமஸ் மரம் வாங்கிக்கோ. வேலை செய்யணும்னா உட்காரு" என்பாள். வெளிக்கூடு பழசாக இருக்கலாம், மெமரி செகண்ட்ஹேண்டாக இருக்கலாம். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ண விடமாட்டாள்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. பழைய மதர்போர்டு எது வந்தாலும், காசு மாதிரி அதில் உட்கார்ந்திருக்கும் சின்ன பேட்டரியை முதல் வேலையாக நெம்பி எடுத்து ஜாம் பாட்டிலில் போட்டுவிடுவாள். அதை எடுத்தால் போர்டுக்கு மணியும் மறந்துபோகும், பழைய முதலாளி சொல்லிவைத்ததெல்லாமும் மறந்துபோகும். "யார் வீட்டுச் சாமானா வேணா இருக்கட்டும், மறந்துட்டுத்தான் என் மேஜையில உட்காரணும்" என்பாள்.

டிசம்பரில் ஒருநாள் ரெய்யோ தள்ளுசறுக்கு வண்டியில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் பெண்டாட்டி ஐலா, ஆலையில் தைமியோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவள். பெட்டி அவர்கள் மகன் நீலோவுடையது. போன மார்ச்சில் கடல்மேல் உறைந்த பனியில் ஸ்னோமொபைலில் போனவன் பனி உடைந்து உள்ளே போய்விட்டான். வண்டி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை.

"தினம் மதியம் மூணரைக்கு இது தானா உயிர் வந்து ஓடுது தைமி" என்றார் ரெய்யோ. "ஃபேன் சத்தம் கேட்டதும் ஐலா காப்பி போடறா. அப்புறம் வாசக்கதவைத் திறந்துட்டு நிக்கிறா, மைனஸ் இருபது டிகிரி குளிர்ல! போன வாரம் நெஞ்சுச்சளின்னு ஆஸ்பத்திரியில கிடந்தா. இன்னொரு தடவை தாங்கமாட்டான்னு டாக்டர் சொல்லிட்டார்."

"பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதானே?"

"பிடுங்கினா திரும்பச் சொருகிடறா. அந்த நேரத்துல எனக்கு வீட்டுல இருக்கவே பிடிக்கல, வெளியே கிளம்பிடுவேன். இருக்கறதை வெச்சு அவளுக்கு வேற ஒண்ணு கட்டிக் கொடு. பேங்க் வேலை, அவ தங்கச்சிகூட வீடியோவுல பேச, அவ்வளவுதான்."

தைமி ஸ்க்ரீனைப் போட்டுப் பார்த்தாள். பேயுமில்லை, பிசாசுமில்லை. வேலை முடிந்து வரும்போது தயாராக இருக்கட்டுமென்று மூன்றரைக்குத் தானாக ஆன் ஆகும்படி நீலோவே போர்டில் அலாரம் வைத்திருக்கிறான். "இதுக்கா இவ்வளவு பயந்தே? யோவ், இது கடிகாரம்யா!" என்று சிரித்துக்கொண்டே பேட்டரியை நெம்பினாள்.

கூட்டையும் பவர் சப்ளையையும் படங்கள் இருந்த டிஸ்கையும் வைத்துக்கொண்டு போர்டு, பிராசஸர் இரண்டையும் புதிதாகப் போட்டாள். நானூற்றுச் சொச்சத்தில் முடிந்தது. கொண்டுபோய் நீலோவின் மேஜையில் பொருத்தினாள். பழைய போர்டு தைமியின் அலமாரிக்குப் போனது.

மறுநாள் பிற்பகல் மூன்று நாற்பது, ஊர் அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. தைமி வீட்டு மரப்படியில் யாரோ பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினார்கள். தொம். தொம் தொம்.

"கதவு திறந்துதான் இருக்கு, வா!" என்று கத்தினாள். யாரும் வரவில்லை. போய்த் திறந்தாள். படி நிறையப் புதுப்பனி, ஒரு காலடித் தடம் இல்லை. கூரையிலிருந்து பனி விழுந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த நாளும் அதே நேரம். தொம். தொம் தொம். பேட்டரியும் இல்லாமல் ஒயரும் இல்லாமல் அந்த போர்டு அலமாரியில் கிடந்தது.

மூன்றாம் நாள் ஐலா போன் செய்தாள். குரல் கரகரத்தது.

"முன்னெல்லாம் பெட்டி ஓடினா பத்து நிமிஷத்துல வந்துடுவான்டி. அந்தப் பத்து நிமிஷம் நின்னா போதும். இப்ப எப்ப வருவான்னே தெரியல, காலையிலேர்ந்து கதவைத் திறந்து போட்டிருக்கேன். பழைய போர்டு எங்கே?"

"என் அலமாரியில."

"அப்ப அங்கேதான் வரான்."

தைமி வாயைத் திறக்குமுன் படியில் சத்தம் கேட்டது. தொம். தொம் தொம்.

போனில் ஐலா மூச்சை இழுத்தாள். "வலது கால் ஒரு தட்டு, இடது கால் ரெண்டு தட்டு. சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான். தைமி, குளிர்ல நிக்கிறான்டி. பேட்டரியைத் திரும்பப் போடு."

"போட்டாலும் வராது ஐலா. மறந்தது மறந்ததுதான்." சொல்லிக்கொண்டே தைமி அலமாரியைத் திறந்தாள். பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டோம்!

போர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஐலா வீட்டுக்கு ஓடினாள். வாசல் விரியத் திறந்திருந்தது. உள்ளே ஐலா கோட்டோடு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். நீலோவின் மேஜை இழுப்பறையில் போர்டை வைத்துவிட்டு, தைமி புதுப் பெட்டியில் தன் கையாலேயே மூன்றரைக்கு அலாரம் வைத்தாள்.

"காசு கொடுத்து மறக்கடிச்சேன். இப்ப ஞாபகப்படுத்தறதுக்கும் காசா?" என்றார் அப்போதுதான் வெளியே போய்த் திரும்பிய ரெய்யோ.

"இதுக்குக் காசு கிடையாது. நாளைக்கு ஊர் சுத்தப் போகாம வீட்டுல இரு, அது போதும்."

மறுநாள் மூவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து அறையில் ஃபேன் சுழலத் தொடங்கியது. ஐலா காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, போய் வாசல் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே பாய்ந்தது. படியில் யாருமில்லை, தெருவிளக்கு வெளிச்சத்தில் பனி மட்டும்.

தொம். தொம் தொம்.

சத்தம் அந்த வெறும் படியிலிருந்துதான் வந்தது. ரெய்யோவின் முகம் வெளுத்தது. இத்தனை மாதத்தில் அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், அலமாரியிலிருந்து நாலாவது கோப்பையை எடுத்தார், காப்பியைத் தானே ஊற்றினார்.

"கதவைச் சாத்து ஐலா" என்றார். "சாவி அவன்கிட்டதான் இருக்கு."