எதிர்த் திசையில் ஒரு கிரிவலம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதப் பௌர்ணமி. மத்தியானமே கிரிவலம் கிளம்பிவிட்டேன். நான் வேங்கிக்காலில் மகள் வீட்டில் இருக்கிறேன். மலையைச் சுற்றப் போவது மட்டும் தனியாகத்தான்.

எனக்குப் பல வருஷமாக பைபோலார் என்கிற மனநோய் உண்டு. சில மாதம் தூக்கமே வராமல் மனசு துள்ளும். சில மாதம் எழுந்து பல் விளக்கக்கூடத் தெம்பு இருக்காது. மாத்திரையில் அதெல்லாம் அடங்கிவிட்டது. மறதி மட்டும் கூடவே தங்கிவிட்டது. அடுப்பில் பால் வைத்ததும் நினைவில் நிற்காது, மாத்திரை போட்டதும் நிற்காது. ஒருநாள் மகள் முகமே மறந்துபோகுமோ என்று உள்ளுக்குள் நடுக்கம். வெளியே சொல்லக் கூச்சம்.

அந்த வாரம் தூக்கமும் சரியில்லை. ஆதி அண்ணாமலை கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வெளியே வந்து நடந்தேன். ஜனங்கள் மேலே இடிக்கிற மாதிரி வந்தார்கள். ஏன் இத்தனை பேரும் தப்பாக வருகிறார்கள் என்று எனக்கு எரிச்சல்! சுற்றும்போது மலை வலது கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு மலை என் இடது பக்கம் இருந்தது. எனக்கு உறைக்கவே இல்லை.

வெள்ளரிக்காய் விற்கிற பெண்தான் கூப்பிட்டாள்.

"இன்னா ஆயா, ஊரே அந்தாண்ட போவுது, நீ மட்டும் ரிவர்ஸ்ல வர்ற? சாமிக்கே தலை சுத்திடப் போவுது!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகம் மாறிவிட்டது. "அய்யோ, சும்மா சொன்னேன் ஆயா, குந்து" என்று தன் ஸ்டூலைக் கொடுத்தாள். என் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டாள்.

மகள் வந்ததும் மனசில் இருந்தது கொட்டிவிட்டது. "உன் மூஞ்சியும் மறந்துடுவேனோன்னு பயமா இருக்குடி."

"இத்த ஏம்மா இத்தினி நாளா சொல்லல?" என்று அவளும் அழுதாள்.

மறுநாளே வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போனோம். என்னென்னவோ கேள்வி கேட்டு, ரத்தமும் சோதித்துப் பார்த்தார்.

"இந்த நோய் இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு, மனசு நல்லா இருக்கறப்பவே ஞாபகமும் கவனமும் கொஞ்சம் தடுமாறும்மா. தூக்கம் கம்மியானா இன்னும் ஜாஸ்தியாகும். பெத்த பொண்ணையே மறக்கிற நோய்க்கு உங்ககிட்ட இப்ப ஒரு அறிகுறியும் இல்ல."

"அப்ப என்னைத் திட்றத மறக்க மாட்டாங்களா டாக்டர்?" என்றாள் மகள். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெஞ்சு லேசானது.

இப்போதும் மறக்கிறேன். ஆனால் மறந்ததை அன்றைக்கே மகளிடம் சொல்லிவிடுகிறேன். நான் பயந்ததெல்லாம் மறதியால் என்பதைவிட, அதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்ததால்தான் என்று இப்போது புரிகிறது.