கொட்டகைக்கு இரண்டாம் தரம் மருந்து

ஹாஸ்டலில் முதல் வருஷத்துப் பையன்களுக்கு அறை கிடையாது. அறைகளெல்லாம் மாடியில், சீனியர்களுக்கு. எங்களுக்குச் சமையல்கட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. விறகு அடுக்கியிருந்த இடம். விறகு வெளியே போனது, நாங்கள் உள்ளே போனோம். மழை பெய்தால் விறகு நனைகிறதென்று சமையல்காரர் எங்களைத் திட்டுவார்.

எண்பதுகளின் நடுவில் அருப்புக்கோட்டைக் காலேஜில் நான் படித்தது சில மாதங்கள்தான். எங்கள் ஊர் திருச்சுழிக்குத் தெற்கே. காலை பஸ் வந்து சேர்வதற்குள் பாதி வகுப்புகள் முடிந்துவிடும். ஹாஸ்டல் இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு வருஷம் கொட்டகையில் தள்ளிவிட்டால் அடுத்த வருஷம் மாடியில் ஜன்னலோடு அறை கிடைக்கும். அப்பாவிடம் அதைச் சொல்லித்தான் வைத்திருந்தேன்.

கொட்டகைக்கு ஜன்னல் இருந்தது, ஆனால் திருட்டுப் பயத்தில் தகரம் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். படுக்க எங்கிருந்தோ ஏலத்தில் எடுத்த மரக்கட்டில்கள். பொருத்துக்குப் பொருத்து மூட்டைப்பூச்சி. நசுக்கி நசுக்கிச் சுவரெல்லாம் ரத்தக்கோடு. சாப்பாட்டு வரிசையில் எங்கள் கழுத்துத் தடிப்பைப் பார்த்தே சீனியர்கள் கண்டுபிடிப்பார்கள்.

"ஏலே, ரத்ததானம் பண்ணிட்டு வாரீகளா? ரெண்டு இட்லி கூடப் போடுங்கண்ணே, பாவம்!"

சிரிப்பார்கள். அவர்களும் அந்தக் கொட்டகையில் கிடந்து போனவர்கள்தான்.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பா என் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது, அம்மையா?"

"மூட்டைப்பூச்சிப்பா."

"கட்டிலத் தூக்கி வெயில்ல போட்டு வெந்நி ஊத்த வேண்டியதுதான?"

"குடிக்கவே தண்ணி லாரியில வருது. வெந்நிக்கு எங்க போறது?"

அப்பா அந்த வாரமே கொட்டகைக்கு வந்தார், ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில். கையில் பருத்திக்குத் தூவுகிற பூச்சிமருந்துப் பொடி. பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, செடிக்குச் செடி தட்டுவதுபோலக் கட்டிலுக்குக் கட்டில் குச்சியால் தட்டிக்கொண்டே போனார். பையன்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

"மாமா, எனக்கு இன்னும் ரெண்டு தட்டு."

"அப்படியே வார்டன் ரூமுக்கும் தட்டிட்டுப் போங்க மாமா. அங்கனதான் பெரிய பூச்சி."

அப்பா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. பருத்திக் காட்டில் தூவினால் காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆணி அடித்த கொட்டகையில் அது எங்கே போகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை எல்லோருக்கும் தலை கனத்தது. சிலர் வாந்தி எடுத்தார்கள். என் பக்கத்துக் கட்டில் மல்லாங்கிணறுப் பையன் சாப்பாட்டு வரிசையிலேயே வலிப்பு வந்து விழுந்தான். கையில் தட்டைப் பிடித்தபடியே விழுந்தான். தூக்கிக்கொண்டு அரசாஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். அவன் வீட்டார் வந்து அப்படியே ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

வார்டன் எங்களை வராந்தாவுக்கு மாற்றிவிட்டுக் கொட்டகையைக் கழுவவிட்டார். யார் மருந்து போட்டது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. நாங்கள் பேசி வைத்துக்கொள்ளக்கூட இல்லை. அப்பாவிடம் நேரில் சொல்லலாம் என்று அடுத்த சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அதற்கு முன்னாலேயே அவர் வந்துவிட்டார். வார்டன் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரிடம் நேராகப் போய்க் கும்பிட்டார்.

"சார், நான் இவனோட அப்பாங்க. போன வாரம் மருந்து தூவுனது நாந்தான். இந்நேரம் முட்டை பொரிச்சிருக்கும் பாருங்க, ரெண்டாந்தரம் தூவுனாத்தான் அடியோட ஒழியும். அதான் கையோட கொண்டாந்துட்டேன்."

"நீங்கதானா?"

"ஆமா சார்." வார்டன் நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தவர்போலத்தான் அப்பா நின்றார்.

வார்டன் நடந்ததைச் சொன்னார். அப்பா பொட்டலத்தைக் கீழே வைத்தார். உடனே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அந்தப் பிள்ள இருக்கானா சார்?"

"இருக்கான்."

"என்னைய என்ன வேணாலும் செய்ங்க. இவன் வராந்தாவுல ஒரு ஓரமாப் படுத்துக்கிடட்டும். அடுத்த வருஷம் மாடியில ரூம் உண்டுன்னு சொன்னான்."

"போலீசுக்குப் போகாம விட்டதே பெருசுங்க. பெட்டிய எடுத்துட்டுப் போங்க."

வார்டன் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள்.

அன்று பொழுது சாயும்வரை டவுனில் அறை தேடினோம். எந்த ஊர் என்று கேட்டார்கள், என்ன ஆள் என்று கேட்டார்கள், கடைசியில் தண்ணிப் பஞ்சத்தில் காலேஜ் பையனை வைக்க முடியாது என்றார்கள். அப்பா என் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ்ஸில் ஏறிய பிறகும் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

சில நாள் விடியலில் கிளம்பிப் போய்ப் பார்த்தேன். எப்போதும் பாதி வகுப்பில் நுழைந்தேன். பிறகு போகவில்லை.

அந்த வருஷம் பருத்தியில் காய்ப்புழு விழுந்தது. அப்பா மருந்து தூவவில்லை. பொட்டலம் கூரையில் சொருகியிருந்தது, எடுக்கவே இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று, "என்ன மாப்ள, புழுவுக்கு எழுதிக் குடுத்துட்டியா?" என்று கத்தினார். அப்பா குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். காய்கள் ஓட்டையோடு உதிர்ந்தன. வீட்டில் இன்னொரு வாய்க்குச் சோறு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் காரியாபட்டி போய் லோடு லாரியில் ஏறினேன்.

அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் லாரி செட்டிலும் சத்திரத்திலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் படுத்துவிட்டேன். தொண்ணூறுகளில் ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனபோது அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். வேலையைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை.

"இப்பப் படுக்குற எடத்துல பூச்சி இருக்கா?" என்றார்.

காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, இல்லை என்றேன்.