நைஜீரியாவுக்கு முந்தைய ஸ்டாப்பிங்

ஊரைக் கூட்டி வழியனுப்ப வைத்ததுதான் நாங்கள் செய்த முதல் முட்டாள்தனம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்த என் வீட்டுக்காரருக்கு நைஜீரியாவில் வேலை கிடைத்தது. எண்பதுகளின் நடுவில் எங்கள் தெருவுக்கு அது சின்னச் சேதி இல்லை. குடும்பத்தோடு போகலாம் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டான். விசா கைக்கு வருமுன்னே இவர் மில் வேலையை விட்டார், வாடகை வீட்டைக் காலி செய்தார், பிள்ளைகள் இருவருக்கும் டி.சி. வாங்கினார். தெருவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. மில் ஆட்கள் மாலை போட்டார்கள். ஸ்டுடியோக்காரர் வந்து போட்டோ எடுத்தார். அதில் நான் ஈயென்று இளித்துக்கொண்டு நிற்கிறேன். இன்றைக்கு அதைப் பார்த்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அப்பா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அம்மா சின்ன வயதிலேயே போய்விட, என்னையும் தம்பியையும் தனியாக வளர்த்தவர். தம்பியோடு அதே தெருவில் இருந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "போனதும் லெட்டர் போடு தாயி. ரெண்டு வரி போதும்" என்றார்.

மெட்ராஸில் ஏஜெண்ட் கையை விரித்தான். இவருக்கு மட்டும்தான் விசா வந்திருக்கிறதாம், எங்களுக்கு ஒரு மாதத்தில் வந்துவிடுமாம். இவர் முகம் செத்துப்போனது. கவலை எங்களைப் பற்றி அல்ல, தெருவைப் பற்றி. எங்கள் தெருவில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்த ஒருவர், துபாய் போகிறேன் என்று மாலையோடு கிளம்பி, பம்பாயில் ஏமாந்து, பத்தாம் நாள் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அவருக்கு 'பம்பாய் துபாய்' என்றே பெயர். அவர் மகளின் கல்யாணத்தைக்கூட 'பம்பாய் துபாய் வீட்டுக் கல்யாணம்' என்றுதான் சொன்னார்கள். பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"ராஜபாளையம் போகாத. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அக்கா வீட்டுல எறங்கிரு. ஒரு மாசந்தான" என்றார் இவர்.

"அப்பாவுக்காவது சொல்லட்டுமா?"

"ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஒந்தம்பிக்குத் தெரியும். அவனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்."

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். அவர் விமானம் ஏறினார். நான் பிள்ளைகளோடு மெட்ராஸ் பஸ்ஸில் வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். அதே பஸ் அரை மணி நேரத்தில் ராஜபாளையம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒரு மாதம் எட்டு மாதமாக நீண்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. தெருவில் விளையாடவும் விடவில்லை. ராஜபாளையத்துக்காரர் எவரும் கோர்ட்டுக்கோ கோயிலுக்கோ பால்கோவா வாங்கவோ எந்த நேரமும் வரலாம். அப்பாவுக்கு நான் எழுதும் கடிதத்தை முதலில் நைஜீரியாவுக்கு அனுப்புவேன். இவர் அங்கிருந்து அந்த ஊர் ஸ்டாம்ப் ஒட்டி ராஜபாளையத்துக்குப் போடுவார். அப்பாவின் பதில் நைஜீரியா போய், இவர் கையால் கவர் மாறி எனக்கு வரும். பார்க்காத ஊரைப் பற்றி என்ன எழுதுவது? 'இங்கே வெயில் நம்மூர் மாதிரிதான்' என்று எழுதினேன். அது ஒன்றுதான் உண்மை.

ஆடிப்பூரத் தேரன்று மதினி, அதாவது இவருடைய அக்கா, என்னை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுத் தேர் பார்க்கப் போனார். சத்தம் கேட்கக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. புழக்கடைக் கதவு வழியாக வெளியேறி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தெருமுனை வரை போனேன். எதிரே மோர்ப்பந்தலில் அப்பா நின்றார். கையில் டம்ளர். சட்டைக் காலரில் தையல் விட்டிருந்தது. நான் திரும்பி, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் வந்து விழுந்தேன். பெற்ற தகப்பனைக் கண்டு திருடியைப் போல ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்று ஆறுதலும் பட்டுக்கொண்டேன். வெட்கங்கெட்ட ஆறுதல்.

ஐப்பசியில் ஒரு காலை, ராஜபாளையம் போய்த் திரும்பிய மதினியின் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். மத்தியானம் எடுக்கிறார்கள். நான் கட்டியிருந்த சேலையோடு வாசலுக்கு ஓடினேன். மதினி குறுக்கே வந்து நின்றார்.

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? நைஜீரியாவுல இருக்கவ அரை மணி நேரத்துல எப்படிப் போய் நிப்ப? எந்தம்பி மானம் என்னாகும்?"

அவரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். நான் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. உட்கார்ந்துவிட்டேன். அப்பாவைத் தூக்கிய நேரத்தில் அரை மணி தூரத்தில் உட்கார்ந்து அழுதேன், அதுவும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல்.

நாலாம் நாள் பெரிய சூட்கேஸ் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். உள்ளே பழைய துணி. தெருவில் கால் வைத்ததுமே பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். "எம்புட்டு தூரத்துல இருந்து ஓடியாந்திருக்கா பாரு. மகள்னா இவ மக" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ப்ளேனில் காது அடைக்குமா என்று இன்னொருத்தி கேட்டாள். அடைக்கும் என்றேன். இரண்டு நாள் இருந்துவிட்டு, நைஜீரியாவுக்குத் திரும்புவதாகச் சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

தை மாதம் விசா வந்தது, நிஜமாகவே போனோம். போன இரண்டாம் வாரம், பிள்ளைகளின் டி.சி.யைத் தேடி நான் இவருடைய பெட்டியைக் குடைந்தபோது, அடியில் அப்பா கையெழுத்தில் ஒரு கடிதம் கிடந்தது. கவர் கிழிக்கப்பட்டிருந்தது. ஆவணியில் போட்டது.

'தாயி, ஆடிப்பூரத் தேருக்குப் போயிருந்தேன். மோர்ப்பந்தல் கிட்ட உன்னைப் பார்த்தேன். ரொம்ப மெலிந்து போயிருந்தாய். கூப்பிட வாயெடுத்தேன். நீ ஓடினதால் கூப்பிடவில்லை. ஏதோ காரணம் இருக்கும். இதை எங்கே போடுவது என்று தெரியாமல் இந்த விலாசத்துக்கே போடுகிறேன். தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு எப்போது தோதுப்படுமோ அப்போது ஒரு நடை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.'

மில்லிலிருந்து வந்தவரிடம் கடிதத்தை நீட்டினேன். இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அத அனுப்பியிருந்தா நீ அன்னைக்கே கெளம்பிப் போயிருப்ப. ஊரு சிரிச்சிருக்கும்."

போயிருப்பேன்தான். கடிதம் இவர் கைக்கு வந்ததற்கும் அப்பா போனதற்கும் நடுவே முழுசாக ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த நாளெல்லாம் மதினி வீட்டுக்குள் நான் ஒளிந்து உட்கார்ந்திருக்க, ராஜபாளையம் பஸ் ஒன்று மாற்றி ஒன்று போய்க்கொண்டுதான் இருந்தது.