உள்ளே வைத்துத் தைத்த சட்டை

காஞ்சிபுரத்தில் கல்யாணப் புடவை எடுக்க வெளியூர்களிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். எனக்கு நடக்கிற தூரத்திலேயே பத்துக் கடை இருக்கிறது. அதில் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் அரக்குச் சிவப்பில் ஒன்றை விரித்துப் போட்டு, "பொண்ணுக்காம்மா?" என்று கேட்டார்.

எனக்குப் பெண் இல்லை. கல்யாணம் எனக்குத்தான், நாற்பத்திரண்டு வயதில், இரண்டாவது தடவை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சவங்களுக்கு" என்று முனகிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு பஸ் ஓட்டினவர். ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் நானும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். அத்தை பட்டு நூல் சுற்றுவார், நான் ஜாக்கெட் தைப்பேன். ஐயம்பேட்டையிலிருந்து ஒருவர் என்னைக் கேட்டு வந்தபோது, "பண்ணிக்கோம்மா" என்று முதலில் சொன்னது அத்தைதான். சொல்லிவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இனி எந்தக் கடைப் படியும் ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். என் முதல் கல்யாணத்து முகூர்த்தப் புடவை பீரோவில் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு இன்னொருவர் பக்கத்தில் நிற்க என்னால் முடியாது. வெட்டிப் பாவாடையாகத் தைத்துவிட்டால் அது வேறு துணி ஆகிவிடும், மேலுக்கு ஒரு நீளச் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அத்தையிடம் சொன்னேன். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். உள்ளே அவர் மகனுடைய கல்யாணப் பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் இருந்தன. காரியத்தன்று எல்லாத் துணியையும் கொடுத்துவிட்டோம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"இதையும் சேத்துக்கோ."

"வேணாம் அத்தை. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எங்கிட்ட இருந்து இன்னா ஆவப்போவுது? இருட்டுலயே கெடக்குது. அவனும் வரட்டும்."

மறுநாள் மத்தியானம் வெட்ட உட்கார்ந்தேன். புடவையைச் சட்டென்று வெட்டிவிட்டேன். நீளச் சட்டைக்காக வேட்டியை விரித்ததும் ஹோமப் புகை வாசனை வந்தது. ஓரத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் இருந்த காலத்தில், நான் தைக்கும்போது பின்னால் வந்து நின்று, என் தலைமுடியில் ஒட்டிய நூல் பிசிறை எடுத்துப் போடுவார். வருகிற சத்தம் கேட்காது, கழுத்தில் மூச்சு படும்போதுதான் தெரியும். அன்றைக்கு வேட்டியில் கத்தரியை வைத்ததும் என் கழுத்து கூசியது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே யாரும் இருக்கப்போவதில்லை என்று தெரியும். அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

வேட்டிப் பட்டு நைந்திருந்ததால் உள்ளே லைனிங் வேண்டியிருந்தது. அவர் சட்டையைப் பிரித்தேன். அக்குள் பக்கம் வியர்வை மஞ்சளாக ஏறியிருந்தது. அதை ஒதுக்கி எப்படி வைத்துப் பார்த்தாலும் ஒரு சாண் துணி குறைந்தது. என்னிடம் லைனிங் துணி மூட்டையாகக் கிடந்தது. அதை எடுக்க மனம் வரவில்லை. அந்தக் கறைத் துண்டையே இடது அக்குளில், என் உடம்பைத் தொடுகிற மாதிரி உள்ளே வைத்துத் தைத்தேன்.

நான்கு நாளில் முடிந்தது. போட்டுக் காட்டியபோது அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் தடவிப் பார்த்தார்.

பதிவு அலுவலகத்தில் மாலையை வாங்கிக்கொண்டே அவர், ஐயம்பேட்டைக்காரர், "புதுசா தெச்சதா?" என்று கேட்டார்.

"தெச்சது புதுசு. துணி பழசு."

"யாருது?"

சொன்னேன். என் கையைப் பிடித்திருந்தவர் விரல்களை மெல்ல எடுத்துக்கொண்டார். மாலையில் சிக்கியிருந்த நாரைப் பிரித்துவிட்டார். பிறகு, "சரி" என்றார். "அம்மாவும் கையெழுத்துப் போடுவாங்களா?"

அத்தை சாட்சியாக எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் துணி மாற்றப் போனேன். "சாப்டுட்டு மாத்திக்கோ" என்று அத்தை தடுத்தார். எங்கள் இருவரையும் உட்காரவைத்து இலை போட்டார். எனக்குச் சோறு வைத்தபடி சட்டையின் தோளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"போதுமாடா?"

ஐயம்பேட்டைக்காரர் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினார். நான் பதினெட்டு வருஷமாக அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"போதும்மா" என்றேன்.

அத்தை தலையாட்டிவிட்டு இன்னும் ஒரு கரண்டி வைத்தார். நான் சாப்பிட்டேன். இடது அக்குளில் வியர்த்துக்கொண்டே இருந்தது.